சிறிய டர்போ பெட்ரோல் காரில் மைலேஜ் குறைகிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொல்லி வண்டியை விட்டால் பல இடங்களில் ஒரே மருந்துதான். ஏர் ஃபில்டர் மாற்றுவார்கள், ஸ்பார்க் பிளக் மாற்றுவார்கள், இன்ஜெக்டரும் திராட்டில் பாடியும் சுத்தம் செய்வார்கள். பில் வரும், மைலேஜ் வராது. டர்போ வைத்த சிறிய பெட்ரோல் இன்ஜினில் இப்படிக் குத்துமதிப்பாகப் பாகம் மாற்றுவது இன்னும் வீண். கூடுதல் பெட்ரோல் போவதற்கு அதில் வழிகள் அதிகம், வெளியே தெரியும் அறிகுறிகளோ குறைவு.

இந்தத் தேடல் முழுவதற்கும் அடிப்படை ஒரே கேள்விதான். வண்டியை நகர்த்தத் தேவையான வேலை கூடியிருக்கிறதா, இல்லை அதே வேலையைச் செய்ய இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கிறதா? டயர், பிரேக், ஏசி, பாரம், வேகம், நெரிசல் எல்லாம் முதல் வகை. கலவை, தீப்பொறி, வெப்பநிலை, காற்றுக் கசிவு எல்லாம் இரண்டாம் வகை. எந்த வகை என்று தெரியாமல் பானெட்டைத் திறக்க வேண்டாம்.

டர்போ எப்போது அதிகம் குடிக்கும்

ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ இன்ஜின் மெதுவாகப் போகும்போது வெறும் சின்ன இன்ஜின்தான். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். கடல்மட்டத்தில் வெளிக்காற்று சுமார் 100 கிலோபாஸ்கல். ஐடிலில் மேனிஃபோல்டு அழுத்தம் 30 முதல் 40, சமதளத்தில் நிதானமாகப் போகும்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இந்த நிலையில் காற்றும் பெட்ரோலும் சுமார் 14.7-க்கு 1 என்ற எடை விகிதத்தில் எரியும்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தம் 100-ஐத் தாண்டினால் டர்போ வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். சிலிண்டருக்குள் அதிகக் காற்று போகிறது, அதற்கேற்ப அதிகப் பெட்ரோலும் போகிறது. அதில் தவறில்லை, சக்தியும் கூடுகிறது. சிக்கல் இன்னும் அழுத்தும்போதுதான். நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வராமல் இருக்க ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். புகைவாயுவின் சூட்டிலிருந்து டர்போவையும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் காக்க, தேவைக்கு மேல் பெட்ரோல் தெளித்துக் குளிர்விக்கும். விகிதம் 14.7-இலிருந்து 12-க்கு இறங்கினால் அதே காற்றுக்கு 22 சதவீதம் கூடுதல் பெட்ரோல் போகிறது. எல்லா இன்ஜினும் இதை ஒரே அளவில் செய்வதில்லை. மாசு விதிகள் இறுகியதால் புதிய இன்ஜின்கள் இதைக் குறைத்துக்கொண்டு வருகின்றன. ஆனாலும் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டினால் வரும் மைலேஜ் வித்தியாசம் டர்போவில் பெரியது என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஓட்டுபவர் மாறியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும்.

படி 1: குறைந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

டேஷ்போர்டில் தெரியும் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். அது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்து ஈசியு போடும் மதிப்பீடு. பல கார்களில் உண்மையைவிடச் சில சதவீதம் கூட்டித்தான் காட்டும். ஒரே வண்டியில் நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

சரியான முறை பழைய முறைதான். டேங்கை நிரப்புங்கள், நாசில் தானாக நிற்கும் முதல் கிளிக்கிலேயே நிறுத்துங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்கில் முக்கால் பங்காவது ஓடிய பிறகு அதே பெட்ரோல் பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி முதல் கிளிக் வரை நிரப்புங்கள். 612 கிலோமீட்டர் ஓடி 41.3 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 14.8 கிலோமீட்டர். ஒரு டேங்க் கணக்கு போதாது. நாசில் சற்று முன்னே பின்னே நின்றாலே ஒரு லிட்டர் வித்தியாசம் வரும். மூன்று டேங்க் தொடர்ந்து பார்த்தால் அந்தப் பிழை கரைந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று ஓடோமீட்டர். அது சக்கரம் சுற்றிய எண்ணிக்கையைத்தான் எண்ணுகிறது. தேய்ந்த டயரில் டிரெட் 2 மில்லிமீட்டர் என்றும் புது டயரில் 8 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஆரம் 6 மில்லிமீட்டர் கூடுகிறது. சிறிய காரின் சக்கர ஆரம் 300 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் இது 2 சதவீதம். அதாவது புது டயர் போட்டதும் அதே தூரத்தை ஓடோமீட்டர் 2 சதவீதம் குறைவாகக் காட்டும். அதோடு ஆழமான டிரெட்டுக்கு உருளும் தடையும் கூடுதல். ‘டயர் மாற்றியதும் மைலேஜ் போய்விட்டது’ என்ற புகாரில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி வெறும் கணக்கு. அளவு மாற்றி அகலமான டயர் போட்டிருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஜிபிஎஸ் தூரத்தோடு ஒரு நீண்ட பயணத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 2: குறைவு எங்கே, எப்போது

இரண்டு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, குறைவு ஒரே நாளில் வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா. ஒரே நாளில் வந்திருந்தால் அதற்கு முன் வண்டிக்கு என்ன நடந்தது என்பதுதான் விடை. சர்வீஸில் தடித்த ஆயில் ஊற்றியிருக்கலாம், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்துவிட்டுக் குழாய் கிளாம்பை இறுக்காமல் விட்டிருக்கலாம், பிரேக் பேட் மாற்றும்போது ஸ்லைடு பின்னைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கலாம். சர்வீஸ் முடிந்து வந்த பிறகு மைலேஜ் குறைந்தால், புதிதாக எதையும் தேடாமல் தொட்ட இடங்களையே முதலில் பாருங்கள்.

இரண்டு, குறைவு நகரத்திலா, நெடுஞ்சாலையிலா, இரண்டிலுமா. நகரத்தில் மட்டும் என்றால் ஐடிலிங், குறுகிய பயணம், ஏசி, ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமை ஆகியவை சந்தேகத்துக்குரியவை. நெடுஞ்சாலையில் மட்டும் என்றால் வேகம், கூரை கேரியர், பூஸ்ட் கசிவு, கியர்பாக்ஸ். இரண்டிலும் என்றால் பிரேக் உரசல், தெர்மோஸ்டாட், கலவைக் கோளாறு, எரிபொருள்.

நகரத்துக் குறைவில் கோளாறே இல்லாமல் எவ்வளவு போகும் என்பதற்கு ஒரு கணக்கு. சிறிய இன்ஜின் ஏசியோடு நின்றுகொண்டிருந்தால் மணிக்கு சுமார் 0.8 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிலோமீட்டர் பயணத்தில் கால் மணி நேரம் நின்றால் 0.2 லிட்டர் போய்விட்டது. நகரும் நேரத்தில் லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி அந்தப் பத்து கிலோமீட்டருக்கு 0.67 லிட்டர் எடுக்கும். இரண்டையும் சேர்த்தால் லிட்டருக்கு 11.5தான். வண்டியில் ஒரு பழுதும் இல்லை. ட்ரிப் கம்ப்யூட்டரில் சராசரி வேகம் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது மணிக்கு 30-இலிருந்து 18-க்கு இறங்கியிருந்தால் மைலேஜ் குறைவுக்குப் பெரும்பகுதி விளக்கம் கிடைத்துவிட்டது.

நெடுஞ்சாலையில் வேகம்தான் எல்லாம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இலிருந்து 110-க்குப் போனால் காற்றைக் கிழிக்கும் விசை 1.9 மடங்கு ஆகிறது. புது நெடுஞ்சாலை திறந்து பயண நேரம் குறைந்தவர்கள் மைலேஜைப் பற்றிப் புகார் சொல்வது இதனால்தான்.

படி 3: கருவி இல்லாமல் பார்க்கக்கூடியவை

டயர் காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் ஆறிய நிலையில் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுதான் சரி. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். நான்கிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. எட்டு பிஎஸ்ஐ குறைந்திருந்தாலும் 2 சதவீதத்துக்குள்தான். ஆகவே காற்று பிடித்துவிட்டு 20 சதவீதக் குறைவு சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். டயருக்காகவும் பாதுகாப்புக்காகவும் பிடியுங்கள்.

பிரேக் உரசல் பெரிய திருடன். கண்டுபிடிப்பதும் சுலபம். பிரேக்கை அதிகம் தொடாமல் 15 கிலோமீட்டர் போல ஓட்டி, கடைசியில் மெதுவாக உருண்டு வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையை நீட்டிச் சூட்டை உணருங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம், கை வெந்துவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. ஒரே அச்சில் ஒரு பக்கம் 40 டிகிரியும் மறுபக்கம் 90 டிகிரியும் காட்டினால் சூடான பக்கத்தில் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்லைடு பின் காய்ந்திருக்கலாம், பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், பின் சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்தே சூடாக இருந்தால் பிரேக் ஹோஸையும் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும்.

டயரின் உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தாலும், டிரெட் மீது கையை ஒரு திசையில் தடவும்போது வழுக்கி, எதிர்த்திசையில் பிசிறு தட்டினாலும் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. வீல் பேரிங் தேய்ந்தால் வேகத்தோடு கூடும் முனகல் கேட்கும், ஆனால் மைலேஜைப் பெரிதாகத் தொடும் முன்பே சத்தம் உங்களை மெக்கானிக்கிடம் அனுப்பிவிடும். கூரையில் பொருள் ஏற்றாத கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஆயில் டிப்ஸ்டிக்கை இப்போதே பார்த்துவிடுங்கள். அளவு போன முறையைவிட ஏறியிருக்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா? இந்த விவரம் ஐந்தாவது படியில் உதவும்.

படி 4: ஓபிடி ஸ்கேனரில் என்ன பார்ப்பது

காரின் சோதனை சாக்கெட்டில் (ஓபிடி) செருகி ப்ளூடூத்தில் வேலை செய்யும் அடாப்டரும் ஒரு செயலியும் போதும். கோளாறுக் குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது தொடக்கம்தான். மைலேஜ் 10 சதவீதம் குறைந்திருந்தாலும் செக் இன்ஜின் விளக்கு எரியாமல் இருப்பது சாதாரணம். நேரடித் தரவில்தான் கதை இருக்கிறது. ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது பதிவு செய்து வீட்டில் வந்து பாருங்கள்.

முதலில் கூலன்ட் வெப்பநிலை. இன்ஜின் முழுதாகச் சூடானதும் பெரும்பாலான கார்களில் 85 முதல் 105 டிகிரி வரை நிற்கும். நெடுஞ்சாலையில் காற்று பட்டதும் 70-க்கு இறங்கினால், கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியு நினைத்துக்கொண்டு, பெட்ரோலையும் தீப்பொறி நேரத்தையும் அதற்கேற்ப வைத்திருக்கும். டேஷ்போர்டு முள்ளை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பல கார்களில் அந்த முள் ஒரு பெரிய வரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. பி0128 என்ற குறியீடு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. மலிவான பாகம், பெரிய பலன். இன்ஜினுக்குள் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அடுத்தது வேலை கூடியதா என்ற சோதனை. காற்று வீசாத நேரத்தில், சமதளச் சாலையில், மேல் கியரில் சீராக 80-இல் போங்கள். மேனிஃபோல்டு அழுத்தம், இன்ஜின் லோடு, ஆர்பிஎம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே சாலையில் திரும்பி வந்து எதிர்த்திசையிலும் எடுத்துச் சராசரி பாருங்கள். வண்டி நன்றாக இருந்தபோது எடுத்த எண்கள் இருந்தால் அற்புதம், இல்லையென்றால் அதே மாடல் வேறொரு காரில் எடுத்துப் பாருங்கள். லோடு தெளிவாகக் கூடியிருந்து, அடுத்துச் சொல்லப்போகும் ஃப்யூவல் ட்ரிம் சாதாரணமாக இருந்தால், இன்ஜினை விட்டுவிடுங்கள். பிரேக், டயர், அலைன்மென்ட், கியர்பாக்ஸ் பக்கம் போங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைப்பது) உள்ள ஆட்டோமேட்டிக் என்றால் அதே 80-இல் ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் கூட்டுங்கள். டார்க் கன்வெர்ட்டர் பூட்டியிருந்தால் வேகம் ஏறும் அளவுக்குத்தான் ஆர்பிஎம் ஏறும். வேகம் ஏறுவதற்கு முன்பே ஆர்பிஎம் 200, 300 தாவினால் அந்தப் பூட்டு (லாக்-அப்) வேலை செய்யவில்லை. மேனுவல் வண்டியில் மேல் கியரில் ஏற்றத்தில் அழுத்தும்போது ஆர்பிஎம் மட்டும் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது.

படி 5: ஃப்யூவல் ட்ரிம்மைப் படிப்பது

ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு தன் கணக்கில் எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் விடுகிறது என்பதுதான் ட்ரிம். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 5 சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் நலம். 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். ஐடில், நின்ற நிலையில் 2500 ஆர்பிஎம், 80-இல் சீரான ஓட்டம் ஆகிய மூன்று நிலையிலும் எடுங்கள்.

இங்கே பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். ட்ரிம் +15 என்றால் 15 சதவீதம் பெட்ரோல் வீணாகிறது என்று பொருள் இல்லை. எங்கோ ஒரு குழாயில் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அதற்கேற்ப ஈசியு பெட்ரோல் சேர்த்துக் கலவையைச் சரியாக வைத்திருக்கிறது என்றால், மைலேஜ் பெரிதாக விழாது. மைலேஜைக் குடிப்பது பொய்யான லீன், அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்ற பொய்த் தகவல்தான். கலவை சரியாக இருக்கும்போதே குறைவு என்று சென்சார் சொன்னால், ஈசியு வீணாகப் பெட்ரோலைச் சேர்க்கிறது.

பொய்யான லீன் மூன்று வழியில் வரும். முதலாவது மிஸ்ஃபயர். எரியாத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜனைத்தான் அளக்கிறது, கூடவே வரும் எரியாத பெட்ரோலை அல்ல. ஆகவே லீன் என்கிறது. இரண்டாவது, சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டுச் சென்சாரை ஏமாற்றும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறையும் சத்தமும், டர்போ கேஸ்கெட் அருகே கரிக்கோடும் இதன் அடையாளம். மூன்றாவது, வயதான அல்லது மாசடைந்த சென்சார். ட்ரிம் கூட்டலில் இருக்கும்போது புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு அதிகமாக வந்தால் லீன் என்பது பொய் என்று உறுதி. புகைக்குழாய் முனையில் கரி இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பது) துகள் வடிகட்டி இல்லையென்றால் ஆரோக்கியமான வண்டியிலும் கரி படியும்.

உண்மையான லீன் என்றால், ஐடிலில் அதிகமாகவும் 2500-இல் குறைவாகவும் இருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் மேனிஃபோல்டு பக்கத்தில் வேக்கம் கசிவு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வின் டயாஃப்ரம் (மெல்லிய ரப்பர் தகடு) கிழிவது சிறிய டர்போ இன்ஜின்களில் வழக்கமான பழுது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான உறிஞ்சல் இருக்கலாம், ஆனால் மூடியைத் தூக்கவே சிரமப்படும் அளவுக்கு இழுத்தாலோ விசில் சத்தம் வந்தாலோ டயாஃப்ரம் போய்விட்டது. மாறாக, ஐடிலில் சரியாக இருந்து லோடு கூடும்போது லீன் ஆனால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள்.

ட்ரிம் கழித்தலில், அதாவது −10, −15 என்று இருந்தால் எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருகிறது. டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் மாட்டியிருக்கலாம். டேங்க் நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்றால் பெரும்பாலும் அதுதான். கேனிஸ்டர் (அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் டப்பா) பக்கக் குழாயைக் கழற்றி, பர்ஜ் நடக்காத நேரத்தில் ஐடிலில் விரல் வைத்துப் பாருங்கள், உறிஞ்சக் கூடாது. இன்ஜெக்டர் சொட்டலாம். டிப்ஸ்டிக்கில் ஏறிய அளவும் பெட்ரோல் வாடையும் பார்த்திருந்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இது நடக்கும். ஆயில் சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகி பிசிவி வழியே உள்ளே வரும், ட்ரிம் கழித்தலுக்குப் போகும். ஆயிலை மாற்றிப் பாருங்கள். ட்ரிம் சரியாகி நீண்ட பயணங்களுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் குறுகிய பயணம்தான் காரணம். சில நாட்களிலேயே மறுபடி அளவு ஏறினால் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பின் சீல் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கலந்த ஆயில் டர்போ பேரிங்குக்கும் கெடுதல் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 6: டர்போ பாதையில் கசிவு

இதற்கு முன் உங்கள் இன்ஜின் காற்றை எப்படி அளக்கிறது என்று தெரிய வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே ஒயர் செருகிய மாஃப் சென்சார் இருந்தால் அது உள்ளே போகும் காற்றை நேராக அளக்கிறது. அது இல்லாமல் மேனிஃபோல்டில் மேப் சென்சார் மட்டும் இருந்தால் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் வைத்துக் கணக்கிடுகிறது. இரண்டிலும் கசிவின் அடையாளம் வேறு.

மாஃப் உள்ள வண்டியில் டர்போவுக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் கிழிந்திருந்தால் அளக்காத காற்று உள்ளே வரும், ட்ரிம் கூட்டலுக்குப் போகும். டர்போவுக்குப் பின்னால் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) குழாயில் கசிந்தால், அளந்த காற்று பூஸ்டில் வெளியே போய்விடும். ஈசியு அந்தக் காற்றுக்கும் பெட்ரோல் விடுவதால் கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் மிஞ்சும். மேப் மட்டும் உள்ள வண்டியில் கலவை கெடாது, ட்ரிம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் போன காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும், டர்போவைத் தவிர்த்துப் புகைவாயுவை விடும் வேஸ்ட்கேட் அதிக நேரம் மூடியிருக்கும், எக்ஸாஸ்டில் எதிரழுத்தம் கூடும், ஓட்டுபவரும் இழுவை போதாமல் இன்னும் அழுத்துவார். ட்ரிம் நன்றாக இருக்கிறது என்று நம்பி இந்தக் கசிவைப் பலர் தவறவிடுகிறார்கள். பி0299 வந்திருந்தால் கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை என்று பொருள்.

கண்ணால் பார்க்கும்போது குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பூச்சுத் தடம் தேடுங்கள். கிளாம்புக்கு அடியில், குழாய் வளைவின் உள்பக்கத்தில் விரிசல் ஒளிந்திருக்கும். உறுதியாக வேண்டுமென்றால் ஸ்மோக் டெஸ்ட். பூஸ்டில் மட்டும் திறக்கும் விரிசலுக்குக் குறைந்த அழுத்தப் புகை போதாது. மெக்கானிக் ஒருவர் உள்ளே காற்றழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சிய அழுத்தத்தை விடுவிக்கும் டைவெர்ட்டர் வால்வின் டயாஃப்ரமையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்டேக் காற்றின் வெப்பநிலையும் இங்கே சேர்த்தி. நெடுஞ்சாலை ஓட்டத்தில் பெரும்பாலும் வெளிக்காற்றைவிட 10 முதல் 20 டிகிரிக்குள் கூடுதலாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே 40 கூடுதலாக இருந்தால் இன்டர்கூலர் தட்டுகளில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா பாருங்கள். சூடான காற்று நாக்கிங்கைக் கூட்டும், ஈசியு தீப்பொறியைப் பின்தள்ளும், மைலேஜ் இறங்கும்.

படி 7: தீப்பொறியும் பெட்ரோலும்

டர்போ இன்ஜினின் பிளக் இடைவெளி சிறியது, பல வண்டிகளில் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். தேய்ந்து இடைவெளி அகன்றால், பூஸ்டின் அடர்த்தியான காற்றில் தீப்பொறி தாவாது. ஐடிலில் இன்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும், ஏற்றத்தில் மட்டும் லேசாகத் தடுமாறும். ஸ்கேனரில் சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் எண்ணிக்கை இருந்தால் பாருங்கள். கையேட்டில் சொன்ன பிளக்கை மட்டும் போடுங்கள். ‘இதுவும் பொருந்தும்’ என்று தரும் வெப்ப எண் மாறிய பிளக் டர்போவில் ஆபத்து.

எத்தனால் கலப்பு உங்கள் கணக்கில் சேர வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 10 சதவீதக் கலப்பில் சுமார் 3 சதவீதமும், 20 சதவீதத்தில் 6 முதல் 7 சதவீதமும் ஆற்றல் குறைகிறது. பெட்ரோல் பங்கில் கலப்பு மாறிய காலமும் உங்கள் குறைவு தொடங்கிய காலமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆக்டேனை, அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் திறனைப் பொறுத்தவரை, கையேடு உயர் ஆக்டேன் பரிந்துரைத்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் வெயில் காலத்தில் இரண்டு டேங்க் போட்டு, அதே லோடில் தீப்பொறி நேரம் முன்னேறுகிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள். முன்னேறவில்லை என்றால் பணம் வீண்.

கரிப் படிவு நேரடி இன்ஜெக்‌ஷனின் குலநோய். பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் படுவதே இல்லை என்பதால், டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்தக் கரியைத் தொடாது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மிஸ்ஃபயர், கரடான ஐடில் இருந்தால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வால்நட் ஓட்டுத் தூளால் ஊதி எடுப்பதுதான் நம்பகமான வழி. போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அந்த வால்வுக்கு முன்பே தெளிக்கப்படுவதால் இந்தக் கவலை இல்லை.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு வரி. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்தபோது, நவீன பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, முடுக்கத்தைத்தான் குறைத்தது. காற்று குறைந்தால் ஈசியுவும் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. டர்போவுக்காக நேரத்துக்கு மாற்றுங்கள், மைலேஜ் குணமாகும் என்று அல்ல. ஓபிடி சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் பெட்டிகளுக்கு இந்த அளவு இடம்கூடத் தர மனமில்லை.

ஆயில் கையேட்டில் 0டபிள்யூ-20 என்றிருந்து தடித்தது ஊற்றியிருந்தால் சில சதவீதம் போகும், குறிப்பாகக் குளிர்ந்த இன்ஜினில். அடுத்த மாற்றத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

படி 8: ஒன்றைச் சரிசெய்து, அளந்து, அப்புறம் அடுத்தது

இரண்டு பழுதுகளை ஒரே நாளில் சரிசெய்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும். அவசரமானதும் மலிவானதும் முதலில்: பிரேக், தெர்மோஸ்டாட், குழாய்க் கிளாம்ப், பிளக். சென்சார்களும் இன்ஜெக்டர்களும் ஆதாரம் கிடைத்த பிறகு. கலவை சம்பந்தப்பட்டதைச் சரிசெய்தால் பழைய நீண்ட கால ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்துவிட்டு, ஈசியு மறுபடி கற்றுக்கொள்ள சில நாள் கலவையான ஓட்டம் கொடுங்கள். அப்புறம் முதல் படியில் செய்த அதே டேங்க் கணக்கு, அதே பம்ப், மூன்று டேங்க்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ட்ரிம் 3 சதவீதத்துக்குள், சூடு 90, பிரேக் குளிர்ச்சி, ஆனாலும் எண் ஏறவில்லை என்றால் ஒரு வாரம் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பதிவு செய்துகொண்டே ஓட்டுங்கள். ஓட்டத்தில் எவ்வளவு நேரம் 100 கிலோபாஸ்கலுக்கு மேலே இருந்தது என்று வரைபடத்தில் பாருங்கள். சிக்னலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் 160-ஐத் தொட்டு, அடுத்த சிக்னலில் பிரேக்கில் முடிந்தால் விடை அங்கேயே இருக்கிறது. மென்மையாக ஓட்டுகிறேன் என்று மேல் கியரில் 1200 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பதும் சரியல்ல. குறைந்த வேகத்தில் அதிக பூஸ்ட் கேட்டால் தீப்பொறிக்கு முன்பே கலவை எரிந்து பிஸ்டனை உடைக்கும் ஆபத்து நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவில் உண்டு. 1800 முதல் 2200 ஆர்பிஎம்முக்குள் பாதி ஆக்ஸிலரேட்டரில் கியர் மாற்றுவது பெரும்பாலான சிறிய டர்போக்களுக்கு ஒத்துவரும். சிக்னல் தூரத்தில் தெரிந்ததும் நியூட்ரலுக்கு மாற்றாமல் கியரிலேயே காலை எடுங்கள். இன்ஜெக்டர்கள் முழுதாக மூடிவிடும். ஸ்கேனரில் எரிபொருள் ஓட்டம் பூஜ்யம் காட்டுவதை நீங்களே பார்க்கலாம்.